அகிழான் போன பக்கம்

எங்கள் வீட்டுப் பின்வளவில் அம்மா மூன்று பாத்தி கொத்தியது பிழை என்று சொன்னவர்கள் இரண்டு பேர். ஒருவர் பக்கத்து வீட்டுக்காரர். மற்றவர் அப்பா. இரண்டு பேருக்குமாக அம்மாவிடம் ஒரே பதில்தான் இருந்தது. “மூடமாட்டன்.”

எனக்கு அப்போது பத்து வயது. கனடாவின் ஸ்காபரோவில் ஒரு தெருவின் கடைசி வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வீட்டுக்கு வலப்பக்கம் மரங்கள் அடர்ந்த பள்ளத்தாக்கு. இடப்பக்கம் பலகை வேலி. அதற்கு அப்பால் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர் தனியாக இருந்தார். அவருக்குப் புல் வளர்ப்பதைத் தவிர வேறு வேலை இருந்ததாகத் தெரியவில்லை. புல்லின் ஓரத்தை முழங்காலில் இருந்தபடி கத்தரிக்கோலால் நறுக்குவதை நான் மேல்மாடி யன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தப் புல்லில் அணில்கூட அனுமதி கேட்டுத்தான் இறங்கும் என்று அப்பா சொல்வார். அப்பா அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

அந்த வருடம் பனி கரைந்தபோது எங்கள் புல்லில் அங்குமிங்குமாகச் சின்னக் குவியல்களாய் மண் கும்பிகள் கிளம்பியிருந்தன. இரண்டு கும்பிகளுக்கு நடுவே நிலம் நரம்பு புடைத்ததுபோல் நீளமாக வீங்கியிருந்தது. மிதித்தால் கால் உள்ளே இறங்கியது. எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. அப்பா தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு “மோல்” என்றார். அம்மா எட்டிப் பார்த்து “அகிழான்” என்றார். நான் பள்ளி நூலகத்தில் ஒரு புத்தகம் எடுத்து வந்து, இது எலி இனமே இல்லை, கண் சரியாகத் தெரியாது, மண்வெட்டிபோல் அகன்ற முன்கால்களால் நிலத்துக்கடியில் வழி தோண்டிப் புழு பிடித்துத் தின்னும் என்று வாசித்துக் காட்டினேன். 

“என்ன பேரெண்டாலும் என்ர கீரையைத் தின்னாட்டிச் சரி,” என்றார் அம்மா.

பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வேலிக்குக் கூப்பிட்டார். நானும் கூடப் போனேன். இத்தனை வருடமாக இந்தத் தெருவில் இப்படி ஒன்று வந்ததில்லை என்றார். உன் மனைவி போன கோடையில் நிலத்தைக் கொத்தி மாட்டெரு போட்டாள். எருவுக்குப் புழு வந்தது, புழுவுக்கு மோல் வந்தது. பாத்திகளை மூடிப் புல்லைப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும். இதையெல்லாம் அவர் கோபமே இல்லாமல், வருத்தம் பார்க்கிற டொக்டர் மாதிரி நிதானமாகச் சொன்னார். அப்பா ஆங்கிலத்தில் ‘சொறி’ என்று மன்னிப்புக் கேட்டார். அப்பா பஸ்ஸில் தன் காலை மிதித்தவனுக்கும் சொறி சொல்லுகிறவர். அதோடு விட்டிருக்கலாம். கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடுவதற்கு முன் புல் போட்டுவிடுவோம் என்று வாக்கும் கொடுத்துவிட்டார்.

அன்று சாப்பாட்டு மேசையில் அம்மா கரண்டியைக் கீழே வைத்தார்.

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?”

“இதிலை கேக்க என்ன கிடக்கு? அயலட்டையோடை கொழுவிக்கொண்டிருக்க ஏலுமே? அந்தாள் மரியாதையாத்தான் சொன்னது.”

“மரியாதையாச் சொன்னால் என்ர பாத்தியை மூடிப்போடுறதோ? அவருக்கு அகிழான்தானே பிரச்சினை? நான் அதைக் கலைக்கிறன். அதுவரைக்கும் ஒருத்தரும் பாத்தியிலை கால் வைக்கக்கூடாது. நீங்களும்தான்.”

அப்பா “சரி” என்று சோற்றைப் பிசைந்தார். ஆனால் யூன் மாதக் கடைசிச் சனிக்கிழமைக்குப் பாய்போல் விரிக்கிற புல் சுருள் கொண்டுவரச் சொல்லி ஒரு கடைக்கு அறிவித்திருந்தார். சமையலறை யன்னல் ஓரத்தில் பழைய யோகட் வாளிகளில் மார்ச் மாதத்திலிருந்து அம்மா வளர்த்த மிளகாய்க் கன்றுகளும் கத்தரிக் கன்றுகளும் நின்றன. நடவேண்டிய நாள் வந்தும் அம்மா அவற்றை வெளியே எடுக்கவில்லை. எடுத்தால் அப்பா மூடச் சொல்வார் என்ற பயமில்லை அது. வென்றுவிட்டுத்தான் நடுவேன் என்ற பிடிவாதம்.

முதலில் வளைக்குள் குழாயை விட்டுத் தண்ணீரைத் திறந்தார். இரண்டு நாள் வளவு முழுக்கச் சேறானதுதான் மிச்சம். நான் பள்ளிச் சப்பாத்தோடு வழுக்கி விழுந்தேன். பிறகு வேலையிடத்தில் யாரோ சொன்னார்களென்று உள்ளிப் பூண்டின் பற்களை நசித்து வளைகளுக்குள் தள்ளினார். அடுத்த நாள் காலை ஒவ்வொரு கும்பியின் மேலும் ஒன்றிரண்டு உள்ளிப் பற்கள் வெளியே தள்ளப்பட்டுக் கிடந்தன. “கறிக்காவது போட்டிருக்கலாம்,” என்று அப்பா சன்னமாகச் சொன்னார். அம்மா அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு அன்று உள்ளி இல்லாமலே சமைத்தார்.

மூன்றாவது தடவை என்னைத் தோட்டச் சாமான் கடைக்குக் கூட்டிப்போனார். அகிழான் மருந்துப் போத்தலை எடுத்துப் பின்பக்கத்தில் இருந்த சிறிய எழுத்தை ஒன்றும் விடாமல் வாசித்தார். ஆமணக்கெண்ணெய் என்று இருந்த இடத்தில் அவர் விரல் நின்றது. பிறகு இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு நேரே தமிழ்க் கடைக்குப் போய் அங்கிருந்த ஆமணக்கெண்ணெய் முழுவதையும் எடுத்து மேசையில் அடுக்கினார்.

கடைக்காரர் சிரித்தார். “என்னக்கா, வீட்டிலை எல்லாருக்கும் வயித்துக்கட்டே?”

“பக்கத்து வீட்டுக்கும் சேத்துத்தான்,” என்றார் அம்மா.

நான் பயத்தோடு போத்தல்களை எண்ணினேன். வருடத்துக்கு ஒருமுறை மூக்கைப் பிடித்து அந்த எண்ணெயைப் பருக்குவது எங்கள் வீட்டு வழக்கம். அம்மா அதைப் பாத்திரம் கழுவும் சோப்போடு பிளெண்டரில் ஊற்றி நுரை பொங்க அடித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அந்த பிளெண்டரில் மாம்பழச் சாறு அடிப்பது அன்றோடு நின்றது.

வேலை முடிந்து வந்து உடுப்பு மாற்றாமலே அம்மா வளவின் நடுவில் நின்று, இடுப்பில் கை வைத்தபடி பள்ளத்தாக்கையும் பலகை வேலியையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “வலப்பக்கக் கரையிலையிருந்து தொடங்குவம்,” என்றார். தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் இருந்ததால்தான் அப்படிச் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். எண்ணெய்க் கலவையைப் பூவாளியில் கலந்து ஊற்றி, அது மண்ணில் இறங்கும்வரை மேலே தண்ணீர் விட்டோம். ஒவ்வொரு பின்னேரமும் ஒரு நீளப் பட்டி நிலம். நேற்று விட்ட இடத்திலிருந்து இன்று. ஆறாம் நாள் இடப்பக்க வேலியில் பூவாளி முட்டியது. நாங்கள் மட்டப்படுத்திய கும்பிகள் ஒன்றும் திரும்ப எழும்பவில்லை. அப்பா காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு போய் ஒவ்வொரு இடமாகக் கால் பெருவிரலால் அமத்திப் பார்த்துவிட்டு நம்பாமல் திரும்பி வந்தார்.

புல் சுருள் வரவேண்டிய சனிக்கிழமைக்கு முதல் நாள் காலை, அப்பா யன்னலடியில் நின்று “ஐயோ” என்றார். வேலிக்கு அப்பால், கத்தரிக்கோலால் நறுக்கிய அந்தப் புல்லின் நடுவே ஐந்து மண் கும்பிகள். அவற்றின் முன்னால் அந்த மனிதர் இரவு உடுப்போடு அசையாமல் நின்றார். அப்பா அவசரமாகச் சேர்ட்டை மாட்டினார்.

“எங்கை வெளிக்கிடுறியள்?”

“போய் ஒரு சொறி சொல்லிப்போட்டு வாறன்.”

“என்னத்துக்கு? அந்தாளின்ரை வளவுக்கை நாங்கள் கொத்தினாங்களோ? எரு போட்டனாங்களோ? பாத்தியாலைதான் அகிழான் வாறதெண்டால் பாத்தி இஞ்சையெல்லோ கிடக்கு.”

அப்பா வாசலில் ஒரு சப்பாத்தைப் போட்டபடி யோசித்தார். பிறகு அதைக் கழற்றிவிட்டு, தொலைபேசியை எடுத்து, புல் சுருள் வேண்டாம் என்று கடைக்குச் சொன்னார். அந்தப் பக்கம் ஏனென்று கேட்டிருக்க வேண்டும். “என்ர மனுசி வேண்டாமெண்டு சொல்லிப்போட்டா,” என்று ஆங்கிலத்தில் சொன்னார். சொறி சொல்லவில்லை.

அன்று பின்னேரமே அம்மா கன்றுகளை வெளியே கொண்டுவந்தார். நாங்கள் நட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் வேலிக்கு வந்து, என்ன மருந்து போட்டீர்கள் என்று கேட்டார். அம்மாவுக்கு ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். ஆனாலும் நிமிராமல், “நீ சொல்லு, பிள்ளை,” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆமணக்கெண்ணெய், சோப்பு, பிளெண்டர், பள்ளத்தாக்குப் பக்கத்தில் தொடங்கி ஆறு நாளில் உங்கள் வேலிவரை வந்தது, எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். அவருக்கு இப்படி நடந்துவிட்டதே என்று எனக்கு மனவருத்தமாகவும் இருந்தது. அதையும் சொன்னேன்.

அவர் பள்ளத்தாக்கைப் பார்த்தார். பிறகு தன் புல்லைப் பார்த்தார். பிறகு அம்மாவின் முதுகை நெடுநேரம் பார்த்தார்.

“நாலு போத்தில் மிச்சம் கிடக்கு, தரலாம் எண்டு சொல்லு,” என்றார் அம்மா. “இந்த வேலிக் கரையிலைதான் தொடங்கவேணும் எண்டும் சொல்லு. இஞ்சாலை கலைச்சால் நான் திரும்பவும் தெளிப்பன்.”

சொன்னேன். அவர் சரியென்று தலையாட்டினார். கொஞ்சம் பொறுத்து, இங்கே வருவதற்கு முன் உன் அம்மா என்ன வேலை செய்தார் என்று என்னிடம் கேட்டார். ஊரில் அரசாங்கக் கந்தோரில், காணிப் பிரிவில் உத்தியோகம் என்றேன். வேலிச் சண்டை என்று வருகிற சனத்தின் முறைப்பாடெல்லாம் அம்மாவின் மேசைக்குத்தான் வரும் என்றும் சேர்த்துச் சொன்னேன்.

அவர் வேலிப் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நான் சொன்னதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் கேட்டேன்.

“ஒண்டுமில்லை,” என்றார் அம்மா. “அடுத்த மிளகாய்க் கண்டை எடுத்துத் தா.”