மண்ணீரலுக்குப் போன செல்கள்

எழுபதுகளில் திருப்பதியில் கால்நடை மருத்துவ மேற்படிப்பு படித்தேன். என் ஆராய்ச்சி கோழியின் பர்ஸாவைப் பற்றியது. வால் பக்கம் உள்ளே இருக்கும் சின்னப் பை அது, பறவைகளுக்கு மட்டுமே உண்டு. நோயை எதிர்க்கும் செல்கள் அதில் வளர்ந்து, ரத்தத்தோடு போய் மண்ணீரலில் குடியேறும் என்று பாடத்தில் இருந்தது. எனக்கோ கண்ணால் பார்க்காமல் எதையும் நம்ப முடியாது. சேவல் குஞ்சின் பர்ஸா செல்களை, அன்றுதான் முட்டையிலிருந்து வந்த பெட்டைக் குஞ்சுகளுக்கு ஊசியில் ஏற்றினேன். குரோமோசோமைப் பார்த்தால் ஆண் செல்லா பெண் செல்லா என்று தெரிந்துவிடும். பெட்டையின் மண்ணீரலில் சேவல் செல் இருந்தால், அது அங்கே நடந்து போனதுதான்.

கொட்டகையில் கழிச்சல் நோய் புகுந்தது. ஒரே ஒரு பெட்டைதான் மிஞ்சியது, செல்கள் குடியேறும்வரை அது உயிரோடு இருக்க வேண்டும். அதன் காலில் வளையம் மாட்டி, கூடையில் வைத்து, பஸ்ஸில் சித்தூருக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் விட்டேன். "பத்திரமா பாத்துக்கோம்மா" என்றேன். மற்றதெல்லாம் செத்ததைச் சொல்லவில்லை, அழுதுவிடுவேனோ என்று பயம்.

எங்கள் கிறிஸ்தவ சபையின் அறுப்பின் பண்டிகைக்கு ஊருக்குப் போனேன். கோயில் வாசலில், காணிக்கையாக ஏலத்துக்கு வந்த பூசணிக்கும் நெல் மூட்டைக்கும் நடுவில் என் கோழி உட்கார்ந்திருந்தது. காலில் வளையம் இல்லை.

"உன் படிப்பு நல்லா முடியணும்னு வேண்டிக்கினு நான்தான் குடுத்தேண்டி" என்றாள் அம்மா. "படைக்கிறது பழுதில்லாம இருக்கணும்ல, வளையத்தைக் கழட்டிட்டேன்."

"அது ஒண்ணுதாம்மா மிச்சம். இது போனா என் படிப்பே போச்சு."

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. எங்கள் சபையில் ஏலம் எடுத்த பூசணியைப் பலர் மறுபடி கோயிலுக்கே விட்டுவிடுவார்கள். கோழி மட்டும் திரும்பாது, நேரே குழம்புக்குத்தான். அதற்குள் போதகர் கோழியைக் கையில் தூக்கிவிட்டார்.

அம்மா எழுந்தாள். "ஐயா, அந்தக் கோழி எனக்கு வேணும்."

"ஆண்டவருக்குக் குடுத்ததைத் திருப்பிக் கேக்கறியேம்மா?"

யாரோ சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அம்மா சிரித்தவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. "அதுக்குப் பதிலா எங்க வீட்டு ஆட்டைக் கட்டிட்டுப் போறேன், ஐயா" என்றாள். வீட்டில் பால் கறந்துகொண்டிருந்தது அந்த ஆடு ஒன்றுதான்.

கோழியோடு திருப்பதிக்குத் திரும்பினேன். அதை அறுத்தால்தான் மண்ணீரலைப் பார்க்க முடியும், அறுத்தேன். நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து கழுத்து மரத்துவிட்டது. கடைசியில் கிடைத்தன, பெட்டையின் செல்களுக்கு நடுவே சேவலின் செல்கள். தனியாக இருந்தும் வாய்விட்டுச் சிரித்தேன்.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மா வாசலிலேயே கேட்டாள். "கோழி எங்கடி?"

சொன்னேன்.

"ஆட்டைக் குடுத்து மீட்டதை அறுத்துட்டியா?" என் பையை வாங்கிக் கீழே வைத்தாள். பிறகு, "நீ தேடினது இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

உள்ளே போய் பாலில்லாத காப்பியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். "அப்போ சரி. குடி."