ரத்னேஸ் எழுத மறுத்த குறியீடு

இப்போது நான் வேலை பார்க்கும் கிள்ளான் பல் கிளினிக்கில் ஒருவரின் வாயில் பல் அச்செடுக்கும் பசையை வைத்து அழுத்திப் பிடித்திருந்தேன். அது இறுகும்வரை கையை எடுக்க முடியாது. உதவியாளர் தொலைபேசியை என் காதருகே நீட்டினார். "அக்கா இண்டைக்குக் காலமை எங்களை விட்டுப் போயிட்டா, டாக்டர்," என்றார் ரத்னேஸின் தம்பி. பசை இறுகும்வரை அந்த வாயைப் பிடித்தபடியே நின்றேன்.

பிரிக்பீல்ட்ஸில் டாக்டர் ரத்னேஸ்வரியும் நானும் பல ஆண்டுகள் ஒரே பல் கிளினிக்கை நடத்தினோம். அவரை நினைவுகூரக் கூடியிருக்கும் நீங்கள் அவருடைய முன்கோபத்தை அறிவீர்கள். நோயாளி நடுங்கினால் கருவியைக் கீழே வைத்துவிட்டுத் தைப்பூசக் கூட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார். அதுவும் உங்களுக்குத் தெரியும். முனியாண்டியைப் பற்றித் தெரிந்திருக்காது.

தொண்ணூறுகளின் தொடக்கம். முனியாண்டி பண்டமாரான் ஊர்க்காரர், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுநர். இரும்புக் கொக்கி மோதி முன்பல் ஒன்று போயிருந்தது. பக்கத்துப் பற்கள் இரண்டும் கீறலின்றி இருந்தன. பிரிட்ஜ் கட்டினால் அந்த நல்ல பற்களை அரைத்துச் சிறிதாக்கி, உறை போட்டு, அவற்றின் பலத்தில் நடுப்பல்லை நிறுத்த வேண்டும். இம்பிளாண்ட் என்றால் எலும்பில் திருகாணி ஊன்றி அதன்மேல் பல். மற்றவற்றைத் தொட வேண்டாம். இம்பிளாண்ட்தான் சரி என்றார் ரத்னேஸ். ஆனால் முனியாண்டியின் கம்பெனி வைத்திருந்த சிகிச்சைப் பட்டியலில் பிரிட்ஜுக்குக் குறியீட்டு எண் இருந்தது; இம்பிளாண்ட்டுக்கு இல்லை. எண் இல்லாத சிகிச்சைக்குக் கம்பெனி பணம் தராது.

"இம்பிளாண்ட் வச்சிட்டு பிரிட்ஜ் கோட் போட்டுடுங்க லா டாக்டர். யாரு வாயத் திறந்து பாக்கப் போறா?" என்றார் முனியாண்டி.

நானும் அவர் பக்கம்தான். "ஒரு நம்பர்தானே ரத்னேஸ்? அவருக்கு நல்லதுதானே நடக்குது?"

"செய்யாத வேலையைச் செய்ததெண்டு என்ர கையால எழுத மாட்டன்," என்றார். முனியாண்டியிடம் திரும்பி, "கம்பெனிக்கு உள்ளதைச் சொல்லிக் கேக்கிறன். கொஞ்சம் பொறுங்கோ."

கேட்டார். கம்பெனி மறுத்தது. சொந்தச் செலவில் செய்துகொள்ள முனியாண்டிக்கு வசதியில்லை. கழற்றி மாட்டும் பல்லும் வேண்டாம் என்றுவிட்டார். மகளின் நிச்சயதார்த்தம் நெருங்கவே, வேறொரு கிளினிக்கில் பிரிட்ஜ் கட்டிக்கொண்டார்.

சில ஆண்டுகள் கழித்து வீங்கிய முகத்தோடு எங்களிடம் வந்தார். அரைக்கப்பட்ட பற்கள் இரண்டும் உறைக்குள்ளேயே அழுகியிருந்தன. ரத்னேஸே அவற்றைப் பிடுங்கினார்.

"அன்னைக்கு அந்தக் கோட் எழுதியிருந்தா இந்தப் பல்லு ரெண்டும் இருந்திருக்கும்ல, டாக்டர்?" முனியாண்டியின் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

"ஓம், முனியாண்டி. இருந்திருக்கும்."

அவர் போனபின் ரத்னேஸ் கையுறையைக்கூடக் கழற்றாமல் கைகழுவும் தொட்டியருகே நின்றார். பிறகு அந்தக் கம்பெனிக்கு நேரிலேயே போய் வாதாடினார். பட்டியலில் ஒரு வரிகூட மாறவில்லை.

கடைசியாக மருத்துவமனையில் பார்த்தபோது நானாகவே கேட்டேன். "இப்ப முனியாண்டி வந்தா என்ன எழுதுவீங்க?"

கண்களை மூடியபடியே சொன்னார். "அண்டைக்கு மாதிரி உள்ளதைத்தான் எழுதுவன். ஆனா மாட்டன் எண்டு சொல்லி, கம்பெனியையும் ஒருக்காக் கேட்டதோட என்ர வேலை முடிஞ்சுதெண்டு நினைச்சிட்டன், வாசு. மனுசனைத் தனிய விட்டிட்டன்."

அவர் செய்தது சரியா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம். ஒருவரிடம் முடியாது என்று சொல்ல நேர்ந்தால், எழுந்து அவரோடு வாசல்வரை நடக்கிறேன். அடுத்து எங்கே போகப்போகிறீர்கள் என்று கேட்கிறேன்.