தேங்காய்நார் மேட்டில் சந்தேகப் பிராணிகள்

அடுத்தவன் காலில் கட்டையைக் கட்டி மேட்டிலிருந்து தள்ளிவிடுவது நான் பார்த்த உத்தியோகம். யாரும் நன்றி சொன்னதில்லை. டிக்கெட் வாசலில் நின்று ஜனங்களிடம் அகப்பட்டுக்கொண்டவர்கள் மேலே படிக்கலாம். உங்களுக்குப் புரியும்.

சண்டை முடிந்த சமயம். ஜப்பான் குண்டுக்குப் பயந்து ஓடினவர்கள் பட்டணத்துக்குத் திரும்பியாயிற்று. தியாகராய நகரில் ஒரு பொருட்காட்சி. சீமையில் காலில் நீளக் கட்டை கட்டிப் பனிமேல் சறுக்கிவிட்டு வந்த முதலாளி ஒருவர், சவுக்குக் கம்பம் நட்டுச் சரிவாக மேடை கட்டி, பலகை அடித்து, மேலே தேங்காய்நார்ப் பாய் விரித்தார். சோப்புத் தண்ணீர் தெளித்தால் போதும், கட்டை வழுக்கும். பாயைக் கவனிப்பது கௌஸ் சாயபு. கட்டை கட்டுவதும், முதலில் இறங்கிக் காட்டுவதும் நான்.

கால் உடையும் என்று யாரோ பொருட்காட்சிக் கமிட்டியிடம் புகார் கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை கமிட்டி இன்ஜினியர் வருவார். அவர் வேண்டாமென்றால் மேடையைப் பிரிக்கவேண்டும். எனக்கும் சாயபுவுக்கும் வேலை போச்சு.

சக்கரம் எங்கே?

நான் ஆடாமல் அசையாமல் இறங்கிக் காட்டுவேன். கூட்டம் கை தட்டாது. அடியில் சக்கரம் இருக்கிறது, கம்பி கட்டி இழுக்கிறார்கள் என்று ஒரே முணுமுணுப்பு.

பட்டினப்பாக்கத்து மீன்காரர் ஒருவர் என் காலைப் பிடித்துத் தூக்கி, மாட்டுக்கு லாடம் பார்ப்பதுபோலப் பார்த்தார். கட்டையைத் தட்டினார். முகர்ந்தார். ஒன்றும் அகப்படவில்லை. திருப்தியா? மூஞ்சி இன்னும் சுருங்கிற்று. "சக்கரமும் இல்ல, கம்பியும் இல்ல. அப்ப இன்னாவோ பெரிசா கீது, நைனா!"

பாதி வழி

தேங்காய்நாரை ஒரு பக்கமாகத் தடவினால் படியும், எதிர்ப்பக்கம் குத்தும். படிகிற பக்கம் கீழ்நோக்கி இருக்கவேண்டும். ஒருநாள் நடுவில் ஒரு பாய் தலைமாறிவிட்டது. வேண்டுமென்றே செய்தாரோ என்று சாயபுமேல் எனக்குச் சந்தேகம். கேட்டேவிட்டேன். "என் பொழப்புல நானே மண்ணைப் போட்டுக்குவேனா? தடவிப் பாக்காம விரிச்சுட்டேன்" என்றார். அரைமனதாக நம்பினேன்.

அந்தப் பாயில் மாட்டிக்கொண்டவர் ஒரு மயிலாப்பூர் வக்கீல். பஞ்சகச்சத்தோடு மெதுவாக வந்தவர் நடுவில் நின்றுவிட்டார். மேலேயும் போகமுடியாது, கீழேயும் வரமுடியாது. மேலேயிருந்து ஓரமாக இறங்கிப்போய்க் கையை நீட்டினேன். பிடித்துக்கொள்ளவில்லை. சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார். "பாதியிலே நிறுத்திட்டு மீதிக்குத் தனி டிக்கெட்டா? ஆத்துலேயே சொல்லிண்டுதான் வந்தேன், இவாளை நம்பப்படாதுன்னு!"

இன்ஜினியர்

ஞாயிற்றுக்கிழமை வந்தார். கம்பத்தை உலுக்கினார். பாயைப் புரட்டினார். நான் இறங்கிக் காட்டினேன். "நீர் சம்பளக்காரர்" என்றார். சாயபு இறங்கினார். "இவரும் அப்படித்தான்." கூட்டத்திலிருந்து ஒரு பாங்கி குமாஸ்தா, தான் இறங்குவதாகக் கையைத் தூக்கினார். நான் முன்பின் பார்த்திராத மனிதர். "சொல்லிவைத்த ஆள்" என்று அவரையும் தள்ளுபடி செய்துவிட்டார். இப்படி எல்லாரையும் கழித்தால் மிச்சம் யார்? இன்ஜினியர்தான். "கட்டுமய்யா" என்று காலை நீட்டினார். நான் இறுக்கின வாரைத் தாமும் ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார்.

நேராகத்தான் வந்தார். அடிவாரம் நெருங்கும்போது, மேலே நான் ஏதாவது தில்லுமுல்லு செய்கிறேனோ என்று திரும்பிப் பார்த்தார். தொப்பென்று விழுந்தார். தொப்பி ஒரு பக்கம், மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம். சாயபு ஓடிப்போய்த் தூக்கினார். மனிதர் கையை உதறினார், காலை உதறினார். ஒன்றும் உடையவில்லை. என்னை முறைத்தார். "ஒருதரத்தில் என்ன தெரியும்? மறுபடியும் கட்டும்" என்றார். மறுபடியும் வந்தார், மறுபடியும் விழுந்தார். எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "சரி, கால் உடையாது. நடத்துங்கள்" என்று போய்விட்டார்.

அதுவரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற கூட்டம் டிக்கெட் ஜன்னலுக்குப் பாய்ந்தது. முன்னால் ஓடினவன் கத்தினான்: "டேய், ஆபீசரே வுயுந்துட்டாருடா! அப்ப நெஜமாத்தான் வயுக்குது!"

யாராவது விழுந்தால்தான் இந்த ஊர் நம்பும் என்று தெரிந்திருந்தால், முதல் நாளே நான் விழுந்து தொலைத்திருப்பேன்.