காவிக்கட்டியால் போட்ட குறி

எனக்கு அப்போது எழுதத் தெரியாது. ஆனாலும் கோமுகி அணைக்குக் கீழே இருந்த ஊர்களில் என் எழுத்து இல்லாத வீடே கிடையாது. மலேரியாக் கொசுவை ஒழிக்க, வீடு வீடாகப் போய்ச் சுவருக்கு டி.டி.டி. மருந்து அடிக்கிற வேலை. அடித்து முடித்ததும் வாசலுக்குப் பக்கத்தில் காவிக்கட்டியால் தேதியைப் போட வேண்டும். மேஸ்திரி காலையில் அதை ஒரு அட்டையில் எழுதித் தருவார். நான் பார்த்துப் படம் வரைவேன். ஒருநாள் அட்டையைத் தலைகீழாகப் பிடித்துத் தெரு முழுக்க வரைந்துவிட்டேன்.

"எட்டு மட்டும்தான்டா தப்பிச்சிது. மத்ததெல்லாம் குட்டிக்கரணம் போட்டுக்கினு நிக்குது" என்றார் மேஸ்திரி.

அப்படி நான் போட்ட குறிகளில் ஒன்று மட்டும் இன்னும் அழியவில்லை. இந்த வயதிலும் எந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்தாலும் அது தெரிகிறது. அதனாலேயே சுவருக்கு முதுகைக் காட்டி உட்காருகிறேன். வீட்டில் கேட்டால் இடுப்பு வலி என்பேன்.

ஜனங்கள் எங்களை வரவேற்றது கொசுவுக்காக இல்லை. மருந்தடித்தால் மூட்டைப்பூச்சியும் செத்தது. "வாங்க மூட்டைப்பூச்சி மாப்ள!" என்று பெண்கள் கூப்பிடுவார்கள். நானும் ராஜநடை நடப்பேன்.

ஒரு தெருவின் கடைசி வீடு. புருஷன் கரும்பு வெட்டப் போயிருந்தான். அவன் பெண்சாதி நிலைப்படியை மறித்து நின்றாள்.

"அண்ணே, புள்ள பொறந்து ஒம்போது நாளுதான் ஆவுது. தீட்டு வூடு. உள்ள வராதீங்க. அந்த நெடி வேற புள்ளைக்கு ஆவாது."

பிள்ளையை வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, அடித்த மருந்து காயும்வரை காத்திருப்பதுதான் முறை. ஆனால் டப்பாவில் மருந்து தீர்ந்திருந்தது. புதிதாகக் கலக்க வாய்க்காலுக்குப் போக வேண்டும். நல்ல வெயில்.

"சரி தங்கச்சி, எம்மருமவன் தூங்கட்டும்" என்று சொல்லி, அடிக்காத சுவரில் குறியைப் போட்டேன். மேஸ்திரி குறியைத்தான் பார்ப்பார். சுவரை மோந்து பார்க்கமாட்டார்.

"இது போதுமாண்ணே?"

"கவர்மென்ட்டு எழுத்தும்மா. கொசு இதைப் பாத்தா வாசல்லயே நின்னுடும்."

அவள் சிரித்தாள். ஒரு வீட்டைச் சிரிக்க வைத்துவிட்டேன் என்று எனக்குப் பெருமை.

அடுத்த சுற்று பொங்கல் கழிந்து வந்தது. பொங்கலுக்குச் சாணியும் செம்மண்ணும் போட்டு மெழுகினால் மருந்து அடியில் புதைந்துவிடும். மெழுகாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்துவோம். தலையை ஆட்டிவிட்டு மெழுகுவார்கள். அந்தக் கடைசி வீடும் பளபளவென்று மெழுகியிருந்தது. வாசலுக்குப் பக்கத்தில் மட்டும் முறத்தளவுக்கு ஒரு சதுரம் பழைய சுவராகவே இருந்தது. அதற்குள் என் குறி. மேலே குங்குமம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். விட்டத்தில் தூளி இல்லை.

"குளிர்க்காய்ச்சல் வந்திச்சிண்ணே. கள்ளக்குறிச்சிக்கு எடுத்துக்கினு போறதுக்குள்ள பஸ்லயே..." என்றாள் அவள். பிறகு சதுரத்தின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினாள். "மெழுவுறப்ப என் கைதான் தவறிடுச்சி. இங்க எழுத்தோட வாலு கொஞ்சம் அழிஞ்சிபோச்சி பாருங்க. அது வழியாத்தான் கொசு உள்ள பூந்திடுச்சி. கோச்சிக்காதீங்கண்ணே. பெரிய பொண்ணு ஒருத்தி கீறா. இந்த தபா நல்லா அழுத்திப் போட்டுக் குடுங்க."

 

தாயையும் பெண்ணையும் மரத்தடிக்கு அனுப்பினேன். வாய்க்காலுக்கு இரண்டு நடை நடந்தேன். சுவர், கூரையின் உள்பக்கம், பரணுக்கு அடி, கதவுக்குப் பின்னால் என்று ஓர் இடம் விடாமல் அடித்தேன். வெளியே வந்து, சொல்லிவிட்டேன்.

"எழுத்துல ஒண்ணும் இல்லம்மா. மருந்துதான் காக்கும். இனிமே மெழுவாத. அன்னிக்கி நான் இந்த வூட்டுக்கு மருந்தே அடிக்கல."

அவள் என்னையே பார்த்தாள். கையில் கிடைத்ததை எடுத்து அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"போங்கண்ணே, எம்மனசு தாங்காதுன்னு தமாஷ் பண்றீங்க" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எழுத்தைப் போடுங்க. பொண்ணு மரத்தடியிலயே நிக்குது."

நான் அட்டையை எடுத்தேன். சரியாகத்தான் பிடித்திருக்கிறேனா என்று தெரியவில்லை. போட்டுக் கொடுத்தேன்.