காலுக்குத் தனியா எதுக்கு?

எங்கள் ஜிம்மின் மூலையில் ஒரு இரும்புச் சட்டம் நிற்கிறது. தோளில் எடையைத் தாங்கி உட்கார்ந்து எழுவதற்கான ஸ்குவாட் ஸ்டாண்டு அது. ஐந்து வருடத்தில் அதை யாரும் அதற்காகப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. கம்பெனிச் சட்டை, சாப்பாட்டுப் பை, அடையாள அட்டை எல்லாவற்றையும் அதில்தான் மாட்டுவோம். ஒரகடம் சாலையில் ஒரு பஞ்சர் கடையின் மாடியில் இருக்கிறது ஜிம். முதல் ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஆட்களை இறக்கிவிட்டதும் நிரம்பிவிடும். திங்கட்கிழமை என்றால் நெஞ்சு. ஒடிசாக்காரன், தூத்துக்குடிக்காரன், உள்ளூர்க்காரன் எல்லோருக்கும் திங்கட்கிழமை நெஞ்சுதான். பெஞ்சுக்கு ரேஷன் கடை போல வரிசை நிற்கும். செவ்வாய் கை. புதன் முதுகு. வியாழன் மறுபடியும் கை, சட்டைக்கு வெளியே தெரிவது கைதானே.

காலுக்கு நாள் கிடையாது. கேட்டால் பதில் தயாராக இருக்கும். "கம்பெனி லைன்ல எட்டு மணி நேரம் நின்னுக்கினேதான கீறோம், காலுக்குத் தனியா எதுக்கு?" முதலில் யார் சொன்னார்களோ தெரியாது, புதிதாகச் சேர்ந்தவர்களிடம் நானும் வேதவாக்கு மாதிரி சொல்லியிருக்கிறேன். ரோட்டோர மின்கம்பமும்தான் நாள் முழுக்க நிற்கிறது, அதற்குத் தொடை வளர்ந்துவிட்டதா என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

என் கை பதினாறு அங்குலம். தையல் டேப் ஒன்றைப் பையிலேயே வைத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குக் கிளம்புவதற்கு முன் கையை மடக்கி அளப்பேன். அம்மா பார்த்துவிட்டு, ஆண்டவர் உனக்குக் காலும் கொடுத்தாரே அதை அளக்க மாட்டியா என்று கிண்டல் செய்வாள். எனக்குக் கோபம் வரும். கோபம் வருவதற்கு எனக்குப் பெரிதாக ஒன்றும் வேண்டாம்.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அம்மா ஒரு தொழிற்சாலை கேன்டீனில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவள். சாம்பார் அண்டாவை இன்னொரு பெண்ணோடு சேர்ந்து தினமும் இறக்கி வைத்த உடம்பு. அப்படிப்பட்டவள் போன மழைக்காலத்தில் குழாயடியில் வழுக்கி விழுந்தாள். ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, எலும்பு முறியவில்லை, இடுப்பில் பிடிப்புதான், இரண்டு மூன்று நாள் ஓய்வு போதும் என்றார்கள்.

அந்த இரண்டு மூன்று நாளை நான் நான்கு வாரமாக்கினேன். பாசம்தான், வேறென்ன. கட்டிலிலேயே சாப்பாடு, கட்டிலிலேயே டீ. எழுந்து நடக்கிறேன் என்றால் அதட்டிப் படுக்க வைத்தேன். நான் முதல் ஷிஃப்ட் போகும் நாட்களில் பக்கத்து வீட்டு அக்கா வேலைக்குப் போகும் முன்னும் வந்த பிறகும் எட்டிப் பார்த்துக்கொள்வார். நான்கு நாள் ஜிம்முக்குப் போகாவிட்டால் கை வற்றிவிட்டது என்று புலம்புகிறவன் நான். பெற்றவளை வாரக்கணக்கில் படுக்க வைத்தால் அவள் கால் என்ன ஆகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதை எழுதும்போதும் என் மேலேயே எரிச்சல் வருகிறது.

ஒரு திங்கட்கிழமை மாலை, நெஞ்சுப் பயிற்சி முடித்து முறுக்கேறிய உடம்போடு வீட்டுக்கு வந்தேன். அம்மா கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தாள். பாத்ரூமுக்குத் தானே போகலாம் என்று எழுந்திருக்கிறாள். கால் தாங்காமல் அப்படியே சரிந்துவிட்டாள். அடி இல்லை. புடவை நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றுமில்லைம்மா என்று சொல்லிக் குனிந்து, அவள் அக்குளுக்குக் கீழே கை கொடுத்துத் தூக்கினேன். அம்மா ஐம்பத்தைந்து கிலோ இருப்பாள். பெஞ்சில் படுத்துக்கொண்டு நான் அதைவிட அதிகம் தூக்குகிறேன். பாதி தூரம் வந்தாள். அதற்குமேல் என் முட்டி இரண்டும் ஆட ஆரம்பித்தன. கை பிடித்துக்கொண்டுதான் இருந்தது, கால்தான் எழும்பவில்லை. அம்மாவோடு சேர்ந்து நானும் தரையில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாம் முறையும் அதேதான். எனக்கு நம்பவே முடியவில்லை. யாரோ பின்னாலிருந்து அறைந்த மாதிரி இருந்தது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். கட்டட வேலைக்குப் போகிறவர், செங்கல்லும் ஜல்லியும் சுமந்து மாடி ஏறுகிறவர். என் கையில் பாதிகூட இருக்காது அவர் கை. என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டு, அம்மாவின் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நெஞ்சோடு கட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் எழுந்தார். அம்மா கட்டிலில் இருந்தாள்.

"இன்னா தம்பி, கை இம்மாம் பெருசா கீது," என்றார் அக்கா. கிண்டல் இல்லை, நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை.

நான் பனியனுக்கு மேல் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டேன். அன்றைக்கு என் கை வெளியே தெரிவது எனக்கே பிடிக்கவில்லை.

அக்கா போன பிறகு அம்மா அழுதாள். அப்பா செத்தபோதுகூட என் எதிரில் அப்படி அழுததில்லை. "தூக்கறதுக்கு நான் இன்னா பொணமாடா?" என்றாள். பூசையில் சாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்ட, எழுந்தேற்ற மணி அடிக்கும்போது முட்டி போட்டு, யார் கையும் பிடிக்காமல் தானே எழுந்திருக்க வேண்டும். அது ஒன்று போதும், வேறொன்றும் வேண்டாம் என்றாள். நான் தலையை ஆட்டினேன். எனக்கு நம்பிக்கை இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பிசியோதெரபி பெண் வீட்டுக்கு வந்தார். என்னைவிட வயது குறைவு. என் டேப்பையே வாங்கி அம்மாவின் தொடையை அளந்து, அளவைக் காலண்டரில் எழுதினார். பிளாஸ்டிக் நாற்காலியின் நாலு காலுக்கும் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்து உயரமாக்கி, கை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொன்னார். கணுக்காலில் கட்ட அரைக் கிலோ மணல் பை ஒன்று. வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒவ்வொரு நாள் ஓய்வு. தினமும் முட்டை, சுண்டல். அவ்வளவுதான்.

இவ்வளவுதானா மேடம், இதில் என்ன பலம் வரும் என்று கேட்டேன். அவர் வாதாடவில்லை. நாற்காலிக்கடியில் இருந்த செங்கல்லை எடுத்துவிட்டு, என்னை உட்காரச் சொல்லி, கையைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் எழுந்திருங்கள் என்றார். எழுந்தேன். அதாவது, அரை அடி எழுந்து தொப்பென்று விழுந்தேன், நாற்காலி கிறீச்சிட்டது. ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அம்மா சிரித்தாள்.

"பத்து தடவை ஈஸியா வந்துதுன்னா ஒவ்வொரு காலுக்கடியிலயும் ஒரு செங்கல்லை எடுத்துடுங்க," என்றார் அந்தப் பெண். "ஈஸியா வர்றதையே செஞ்சிக்கினு இருந்தா உடம்பு ஏன் மாறும்?"

எனக்கு உள்ளே சுருக்கென்றது. மூன்று வருடமாக நான் ஒரே எடையைத்தான் தூக்கிக்கொண்டிருந்தேன். யாராவது பார்த்தால் மட்டும் கம்பியில் ஒரு இரும்புத் தட்டு கூட்டுவேன், இடுப்பை ஆட்டி எப்படியோ மேலே கொண்டுவருவேன்.

அம்மா கணக்காகச் செய்தாள். அண்டா இறக்கியவளுக்கு வேலையின் ஒழுங்கு தெரியும். கடைசி இரண்டு தடவை முகம் சுளிப்பாள், உதட்டைக் கடிப்பாள், மாதாவைக் கூப்பிடுவாள். நான் பார்த்துக்கொண்டே நெஞ்சுக்கும் கைக்கும் ஜிம்முக்குக் கிளம்பிப் போனேன். வெட்கமில்லாதவன்.

ஐந்தாவது வாரம் கடைசிச் செங்கல்லும் போனது. வெறும் நாற்காலியிலிருந்து, மணல் பையோடு, பத்து தடவை எழுந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தொடை எவ்வளவு ஏறியிருக்கிறது பார்க்கலாம் என்று டேப்பை எடுத்தேன். காலண்டரில் எழுதியிருந்த அதே அளவு. மறுபடி அளந்தேன், டேப்பைத் திருப்பி வைத்து அளந்தேன். ஒரு நூல்கூட ஏறவில்லை. அளவு ஏறாமல் பலம் எங்கிருந்து வந்தது? இத்தனை வருடம் டேப்பைத்தானே நான் பலம் என்று நம்பினேன்?

போனில் அந்தப் பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டேன். ஆரம்ப வாரங்களில் அப்படித்தான் என்றார். "உங்க கம்பெனி மாதிரிதான். சதைங்கற ஆளுங்க எல்லாம் ஷெட்லதான் இருந்தாங்க. நரம்புக்கு அவங்கள வேலைக்குக் கூப்பிடத் தெரியாம இருந்துச்சு. இப்ப கூப்பிடக் கத்துக்கிச்சு. சதை மெதுவா வரும், விடாம செய்யுங்க."

வெள்ளிக்கிழமை ஜிம்முக்குப் போனதும் ஸ்டாண்டிலிருந்த பைகளையும் சட்டைகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைத்தேன். பையனுக்கு என்ன ஆச்சு என்று எல்லோரும் பார்த்தார்கள். பார்க்கிறார்கள் என்பதற்காகவே தட்டுகளைக் கூட்டினேன். வெறும் கம்பியில் தொடங்கியிருக்க வேண்டும். அவ்வளவு கேட்டும் கண்டும் எனக்குப் புத்தி வரவில்லை. ஐந்து வருடப் பாக்கியை ஒரே மாலையில் தீர்த்துவிடுகிற வெறியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தேன். சனிக்கிழமை படி இறங்கப் பக்கவாட்டாக நடந்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, மழைக்காலத்துக்குப் பிறகு முதல் முறையாக அம்மா பூசைக்கு வந்தாள். எழுந்தேற்ற மணி அடித்தது. கோயில் முழுக்க முழங்காலிட்டது. அம்மாவும் மெதுவாக இறங்கினாள். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் முட்டி போட்டேன். அவள் சாய்ந்தால் பிடிக்க வேண்டுமென்று வலது கையை அவள் பக்கமாகவே வைத்திருந்தேன்.

எல்லோரும் எழுந்தார்கள். அம்மா வலது காலை முன்னால் ஊன்றினாள், கையைத் தன் தொடையிலேயே வைத்தாள், மூச்சை விட்டுக்கொண்டே எழுந்தாள். முன் பெஞ்சைத் தொடவில்லை. நான் நீட்டியிருந்த கையையும் தொடவில்லை.

நான் கீழேயே இருந்தேன். தொடை இரண்டும் கல்லாகியிருந்தன. ஒரு முறை முயன்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை. சுற்றிலும் எல்லோரும் நிற்க, நான் மட்டும் முழங்காலில். பின்வரிசைக்காரர்கள் என்னைப் பெரிய பக்திமான் என்று நினைத்திருப்பார்கள்.

அம்மா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. குனிந்து கையை நீட்டினாள்.

"புட்ச்சிக்கோ," என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. "ஒரு காலை முன்னால ஊனு. அவசரப்படாத."

நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.