கட்டில் திரும்பும் முக்கு

வலது குதிகாலால் தரையை மூன்று தடவை இடித்துப் பார்க்கிறார் பகவதியப்ப பிள்ளை. 'தொப்'பென்று கேட்டால் நகர்ந்துவிடுவார். 'ணங்'கென்றால் நிற்பார், அடியில் சர்வே கல் கிடக்கிறது என்று அர்த்தம். கலியாண வீட்டுப் பந்தலில், தேரோட்டக் கூட்டத்தில், என் வீட்டு வாசலில், எங்கே நின்று பேசினாலும் அந்தக் கால் சும்மா இராது.

சர்வே இலாகாவில் சங்கிலி பிடிக்கும் வேலை. அறுபத்தாறு அடிச் சங்கிலி, அதில் நூறு கண்ணி. முப்பது வருடமாக அதன் ஒரு முனை இவர் கையில்தான். திருவிதாங்கூர் சர்க்கார் போய்த் திரு-கொச்சி சர்க்கார் வந்தும் சங்கிலியும் மாறவில்லை, பிடிக்கிற கையும் மாறவில்லை. அடிக்கணக்கு அவர் வாயில் வராது. மகளைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "பிள்ளை நல்ல உசரம், எட்டு கண்ணி இருப்பா" என்று சொல்லி அவர்களை முழிக்க வைத்த மனிதர்.

பிழைக்க வந்தவனான எனக்கு நாகர்கோவிலைக் காட்டிக் கொடுத்தவர் அவர்தான். கோட்டாறு கடைத்தெருவிலிருந்து வடசேரிச் சந்தை வரை கூட நடந்தால் போதும்.

"இந்த ரோடு நேராப் போவுதுல்லா? சர்க்கார் போட்டது. அந்தா வளையுது பாத்தியளா, அது பண்டு வாய்க்கால். மாடு எறங்கின வழி இது. பின்னே, அதுக்குள்ள ஒரு முடுக்கு கோணலும் மாணலுமாப் போவுதே, அதப் போட்டது அண்ணனும் தம்பியும்."

முடுக்கு என்றால் இங்கே ஒடுங்கின சந்து. எந்த முடுக்கு எங்கே ஒடுங்கினாலும் அந்த இடத்தில் ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கும் என்பது அவர் கட்சி. பத்து இடத்தில் விசாரித்தேன். ஒன்பதில் அவர் சொன்னதுதான் சரி.

போன வருஷம் ஊருக்கு மேற்கே கொல்லாமாவிளையைக் கோலப்ப பிள்ளை மனை போட்டு விற்றார். முந்திரி மரங்களை வெட்டித் தள்ளிவிட்டுப் பதினாலு மனை. ஐந்து சென்ட் நான் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கிலி பிடித்துக் கொடுத்ததற்குக் கூலியாகப் பகவதியப்ப பிள்ளைக்கு மூன்று சென்ட் கிடைத்தது. குடும்ப வீட்டை விட்டு வந்து இருபது வருடமாக வாடகை வீட்டு அடுக்களையில் புகை தின்ற அவர் மனைவி அழகியநாயகி, அன்று பகவதி கோயிலுக்கு விளக்கு நேர்ந்தாளாம்.

கல் நாட்டிய அன்று தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தோம். நடுவில் ஐந்தடிப் பாதை. பாதி வழியில் அது சதுரமாகத் திரும்புகிறது. அந்தத் திருப்பத்தில், இங்கத்திய பேச்சில் சொன்னால் முக்கில், பகவதியப்ப பிள்ளை போய் நின்றார். கையை விரித்துப் பார்த்தார்.

"பிள்ளைவாள், இதுல பாடை திரும்பாது."

கோலப்ப பிள்ளைக்கு வெற்றிலை புரையேறிவிட்டது. "வே, நல்ல காரியம் நடக்க எடத்துல வாயில வாறதப் பாரும்! குடி வாறதுக்கு முந்தி பாடையா?"

"குடி வந்தவன் ஒருநாள் போவாம்லா? நாலு பேரு தோளோட திரும்பணும். சுந்தர்சிங் சாருக்க வீட்டுல சவப்பெட்டி. பாடையையாவது கொஞ்சம் சரிச்சுப் பிடிக்கலாம். பெட்டிய சரிக்க முடியுமா?"

கிறிஸ்தவரான சுந்தர்சிங் வாத்தியாருக்கு வயது முப்பது. கலியாணமாகி மூன்று மாதம். புது மனைவி நேசபாய் பக்கத்திலேயே நின்றாள். மனிதர் முகத்தில் ரத்தம் இல்லை.

"முக்குல உள்ளவிய ஆளுக்கு மூணு கண்ணி விட்டுக் குடுங்க, போரும்" என்றார் பகவதியப்ப பிள்ளை. மூன்று கண்ணி என்றால் இரண்டு அடி. ஒருத்தரும் அசையவில்லை. வாத்தியார் மனையும் என் மனையும் முக்கில்தான். எனக்கானால் கோபமே வந்தது. இருக்கிற ஐந்து சென்டில் இரண்டடி போனால் தென்னம்பிள்ளையை எங்கே வைப்பது? "செத்த பொறவு நமக்கென்ன வே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

வாத்தியாரும் நானும் அடுத்தடுத்து மதில் எழுப்பினோம், எங்கள் கல்லை ஒட்டி, ஒரு விரற்கடை விடாமல். முக்கின் உட்பக்கத்து மனையை வேண்டுமென்றே கேட்டு வாங்கியிருந்தார் பகவதியப்ப பிள்ளை. ஏன் என்று ஒரு நாள் கேட்டேன். குதிகால் இடிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"எங்க குடும்ப வீட்டப் பங்கு வச்சப்போ சங்கிலி பிடிச்சது நாந்தாம். அண்ணன் ஒரு கண்ணி விடுன்னான். அரைக் கண்ணி விடமாட்டேன்னு நின்னவனும் நாந்தாம். ஏழு வருசம் கழிச்சு அம்மை போனா. பாடை முக்குல மாட்டிக்கிட்டு. முன்னயும் போவல, பின்னயும் வரல. எடுத்த பாடைய தெருமுனை தாண்டாம இறக்கப்பிடாதுல்லா? இறக்குனோம். கட்ட அவுத்து, அம்மையக் கையில தூக்கிட்டு வெளிய வந்தேன். அண்ணன் மொகத்த நானும் பாக்கல, எம் மொகத்த அவனும் பாக்கல."

இந்தச் சித்திரையில் அவர் வீட்டுக்கு வானம், அதாவது அஸ்திவாரம், தோண்ட நாள் பார்த்தார்கள். கொத்தனார் முத்துக்கனி கயிறு கட்டி முடித்தபோது, பகவதியப்ப பிள்ளை தன் மூலைக் கல்லைக் கடப்பாரையால் நெம்பினார். எங்கள் இரண்டு பேர் பங்கையும் சேர்த்து ஒன்பது கண்ணி உள்ளே தள்ளி, மூலையைச் சரிவாக வெட்டப்போகிறாராம்.

அழகியநாயகி ஓடி வந்தாள். "அக்கினி மூலையாக்கும் அது! அதை அறுத்துப் போட்டுட்டு அடுப்ப எந் தலையிலயா வைப்பிய?"

"மூலை அறுந்த மனையில நான் கல்லு வைக்கமாட்டேன் அண்ணாச்சி, குடும்பம் வெளங்காது" என்று முத்துக்கனி கரண்டியைக் கீழே போட்டார். மதிலுக்கு மேலே தலை நீட்டி, "அந்த அம்மா சொல்றது ஞாயம்தானே" என்று நானும் சொன்னேன். வெட்கம் கெட்டவன்.

பகவதியப்ப பிள்ளை கல்லைப் பழைய குழியிலேயே வைத்தார். காவலுக்குப் படுக்கப் போட்டிருந்த கயிற்றுக் கட்டிலைக் காட்டி, "ஆளுக்கொரு கால் பிடியுங்க" என்றார். முன்னால் அவரும் முத்துக்கனியும், பின்னால், சத்தம் கேட்டு வந்த வாத்தியாரும் நானும். தோளில் ஏற்றி நடந்தோம். முக்கு வந்தது. கட்டில் என் மதிலில் முட்டியது. வாத்தியார் தோள் அவர் மதிலிலேயே உரசித் தோல் போயிற்று. அந்தப் பக்கம் கொத்தனார் கட்டிய கயிறு பகவதியப்ப பிள்ளையின் முழங்காலை அறுத்தது. நாலு பேரும் அப்படியே நின்றோம்.

அழகியநாயகி பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வந்து கயிற்றை அவளே அவிழ்த்தாள்.

"உள்ள தள்ளிக் கட்டும் கொத்தனாரே. இதே மாதிரி நின்னப்போ அத்தைக்க தலையத் தாங்கிப் பிடிச்சவ நானாக்கும். அடுப்பு எங்க வச்சாலும் எரியும்."

பகவதியப்ப பிள்ளை கல்லைப் பெயர்த்து ஒன்பது கண்ணி உள்ளே நட்டார். குதிகாலால் மூன்று தடவை இடித்தார். மறுபடியும் கட்டிலைத் தூக்கினோம். இந்தத் தடவை அவர் வெட்டிக் கொடுத்த மூலையில் காலை வைத்து, எங்கள் மதில்களைத் தொடாமல் திரும்பினோம். என் மதிலைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

"திரும்பியாச்சுல்லா, இறக்கும் அண்ணாச்சி" என்று முத்துக்கனி மூச்சு வாங்கினார்.

பகவதியப்ப பிள்ளை இறக்கவில்லை. வெறுங்கட்டில்தான். அதைத் தோளில் சுமந்தபடி பாதை முழுக்க எங்களை நடத்திக்கொண்டு போய், பெரிய ரோட்டில் ஏறிய பிறகு, முதலில் தன் பக்கத்துக் கட்டில் காலை மெதுவாகத் தரையில் வைத்தார்.