"உன் குரல்ல தெளிவு இல்ல" என்று சொன்ன மணிமாறன் அண்ணன்

மணிமாறன் அண்ணன் போய்விட்டார்.

நேற்று காலை மாரடைப்பு. அசாம் ஜாவாவில் அவர் வீட்டிலேயே... ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இன்று தகனம். சாயங்காலம்தான் கோலா குபு பாருவில் என் வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கோலா சிலாங்கூர், செரண்டா பக்கம் கல்யாணங்களில் பாடிய எங்கள் குழுவுக்கு அவர்தான் சவுண்ட். மிக்சர் முன்னால் அவர், மைக் முன்னால் நான். ஒன்பது வருஷம்.

வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் "தங்கமான மனுஷன்" என்று போடுகிறார்கள். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை.

முதல் வருஷம், ஒரு மண்டபத்தில் சவுண்ட் செக். என் குரல் அமுங்குகிறது, கொஞ்சம் கூர்மையாக வையுங்கள் என்று கேட்டேன். மிக்சரில் ஒரு குமிழைத் தொட்டுக் காட்டினார்.

"இந்த மூவாயிரம் ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கே தங்கச்சி, மனுசன் காதுக்கு அங்கதான் கூர்மை அதிகம். பச்சப்புள்ள அழுதா எல்லாரும் திரும்புறாங்கல்ல, அந்த இடந்தான். கொஞ்சம் கூட்டினாலும் ஊசி மாதிரி குத்தும். உன் குரல ஏன் கூட்டணும்? கீபோர்ட அந்த இடத்துல கொறைச்சா போதும் லா."

குறைத்தார். என் குரல் தானாக மேலே வந்தது. அன்றிலிருந்து என் காதைவிட அவர் காதை நம்பினேன்.

அப்புறம் அந்த வேன்... அவர் புதிதாக வாங்கியது. சீட் பெல்ட் போடாவிட்டால் பீப் பீப் என்று கத்தும். ஒரு தடவை அசாம் ஜாவாவிலிருந்து செரண்டா வரைக்கும் கத்திக்கொண்டே வந்தது. நாங்கள் காதைப் பொத்திக்கொண்டோம். அவர் பாட்டுக்கு ஓட்டினார்.

"அண்ணே, அந்தச் சத்தம் தொந்தரவா இல்லையா?"

"பழகிடுச்சு லா."

என்ன பொறுமை என்று சிரித்தோம்.

அதற்கு அடுத்த வருஷம்தான் என் பாட்டுகள். நான்கே நான்கு. என் பெயரில் வரப்போகிற முதல் பாட்டுகள். அவர் வீட்டு அறையில் பதிவு செய்தோம்.

மிக்ஸ் பண்ணும்போது முகத்தைச் சுளித்தார். "உன் குரல்ல தெளிவு இல்லம்மா. போர்வைக்குள்ள இருந்து பாடுற மாதிரி இருக்கு."

அதே மூவாயிரத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். எனக்குக் குத்தியது. சொன்னேன்.

"சொந்தக் குரல வெளிய இருந்து கேட்டா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்," என்றார். நம்பினேன்.

வெளியிட்டோம். "தலைவலி வருது", "தகரத்த தட்டுற மாதிரி இருக்கு" என்று கமெண்ட்கள். என் சித்தியே, "பாதியில நிறுத்திட்டேன்மா, காது தாங்கல," என்றார். செரண்டாவில் ஒரு கல்யாணத்தில் முன்வரிசைப் பெண்கள் காதைப் பொத்தினார்கள். மேடையிலிருந்து பார்த்தேன்.

குழுவில் பேச்சு வந்தது. கீபோர்ட் ரவி, "மிக்ஸ ஒரு தடவ பாக்கலாமா அண்ணே?" என்று கேட்டான்.

அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார். "மிக்ஸ்ல ஒன்னும் இல்ல. அவ குரல் அப்படி. நான் என்ன செய்ய?"

அந்த மாதமே விலகினேன். ஏழு வருஷம் ஆகிறது. குளிக்கும்போதுகூட நான் பாடுவதில்லை.

இன்று அக்கா, அவர் மனைவி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். ரவியும் பக்கத்தில் இருந்தான்.

"எட்டு வருஷமா அந்தக் காதோட மல்லுக்கட்டினாரும்மா. வேன் வாங்கின வருஷமே டெஸ்ட் பண்ணோம். கூர்மையான சத்தமெல்லாம் இனிமே சரியா கேக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. காதுல போடுற மெஷின் வாங்கினாரு, அலமாரியிலயே கெடக்கு. குரூப்புக்குத் தெரிஞ்சா யாரு என்னைய நம்புவான்னு யார்கிட்டயும் சொல்ல விடல."

வேன் வாங்கின வருஷம். அந்த பீப் பீப்.

அப்படியென்றால் என் பாட்டை மிக்ஸ் பண்ணும்போது அவருக்குத் தெரியும். குறை தன் காதில் என்று தெரிந்துகொண்டே, என் குரலில் என்று சொல்லியிருக்கிறார். எல்லோர் முன்னாலும்.

காது போனதில் எனக்குக் கோபம் இல்லை. ஸ்பீக்கர் பக்கத்திலேயே வாழ்ந்த மனிதர். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருந்தால் நானும் ரவியும் கேட்டுச் சொல்லியிருப்போம். வெளியே யாருக்கும் தெரிந்திருக்காது.

அக்கா கேட்டார், "உன் பாட்டுன்னா அவருக்கு உசுரு. ஒன்னு பாடும்மா."

எழுந்து நின்றேன். இரண்டு வரி. அதற்கு மேல் குரல் வரவில்லை. அழுகிறேன் என்று நினைத்து யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். அழுகை இல்லை அது.

அக்கா, இதை நீங்கள் படிப்பீர்கள். உங்கள் மேல் எனக்கு எதுவும் இல்லை.

பழைய பதிவு ரவியின் லேப்டாப்பில் இருந்திருக்கிறது. வீட்டுக்குப் போனதும் ஒரு பாட்டில் அந்த மூவாயிரத்தை இறக்கி அனுப்பினான். அரை மணி நேரம் திறக்காமல் வைத்திருந்தேன்.

பிறகு கேட்டேன்.

நல்லாத்தான் பாடியிருக்கேன் அண்ணே.

போய் வாருங்கள். மன்னிப்பு மட்டும் இன்றைக்கு என்னிடம் இல்லை.